ஷோரூம் தூக்கம்

கடைக்குள் நுழைகிறவரின் நடையைப் பார்த்தே அவர் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார் என்று மெத்தைக்காரர் சொல்லிவிடுவார். பாதி நேரம் அது தப்பாகத்தான் இருக்கும். ஆனால் அவர் சொல்கிற தோரணையில், எதிரில் நிற்பவருக்குத் தன் தூக்கத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிடும். "நீங்க இடது பக்கமாத்தானே சார் படுப்பீங்க?" என்றால், ஆயுசு முழுக்க மல்லாந்து படுத்த மனுஷன்கூட "அட, எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்பார். அப்புறம் பில் போடுவது ஒன்றுதான் பாக்கி.

பஸ் திரும்புகிற பெரிய தெருவில், கண்ணாடி முகப்பு வைத்த மெத்தைக் கடையில் அவர் மூத்த விற்பனையாளர். முதலாளி மாடியில் உட்கார்ந்திருப்பார். கீழே நடப்பதையெல்லாம் கம்பிக் கைப்பிடி வழியாக எட்டிப் பார்ப்பார். மெத்தைக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது. தெருவுக்கு அவர் மெத்தைக்காரர். மகள் வகுப்புப் பிள்ளைகளுக்கு மெத்தை மாமா. உலகத்துத் துன்பம் எல்லாவற்றுக்கும் காரணம் கீழே கிடக்கிற மெத்தைதான் என்பது அவர் கட்சி. முதுகு வலித்தால் மெத்தை. புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் மெத்தை. எதிர்க்கடைக்காரர் வியாபாரிகள் சங்கத் தேர்தலில் தோற்றபோதுகூட, "முந்தின நாள் சரியாப் படுத்திருக்க மாட்டீங்க" என்றுதான் ஆறுதல் சொன்னார். எதிர்க்கடைக்காரர் அன்றிலிருந்து பேசுவதில்லை.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில், ஏழு வயது மகளுக்குத் தூக்கம் வரவில்லை. இதை வெளியே சொன்னால் அவருக்குக் கோபம் வரும். வரட்டும்.

வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். விளக்கை அணைத்ததும் பாப்பா கண்ணை மூடி அசையாமல் படுத்துக்கொள்வாள். பார்க்கிறவர்கள் தூங்கிவிட்டாள் என்றே நினைப்பார்கள். வெகுநேரம் கழித்து அம்மா தண்ணீர் குடிக்க எழுந்தால், இருட்டுக்குள்ளிருந்து தெளிவான குரலில் "அம்மா, எனக்கும்" என்று வரும். காலையில் அவளை எழுப்பிப் பல் தேய்க்க வைப்பதற்குள் வீடு இரண்டுபடும். வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பிள்ளை இப்போது தொட்டதற்கெல்லாம் அழுதாள். வகுப்பில் மேஜை மேல் கவிழ்ந்துவிடுகிறாள் என்றும், எழுத்துக் கூட்டிப் படிக்கவே மறந்துபோகிறது என்றும், இப்படியே போனால் இதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார வேண்டியதுதான் என்றும் டீச்சர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

மெத்தைக்காரர் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். மெத்தையை மாற்றினார். ஸ்பிரிங் போய் ஃபோம் வந்தது, ஃபோம் போய் ரப்பர் வந்தது. முதலாளியிடம் கெஞ்சிக் காட்சிக்கு வைத்திருந்த உயர்ந்த ரகத்தைக் கொண்டுவந்து, அழுக்குப் படக் கூடாதென்று பிளாஸ்டிக் உறையோடு விரித்தார். பாப்பா புரண்டால் அது சரசரவென்று சத்தம் போட்டது. அதனால் பாப்பா புரளாமல் படுத்திருந்தாள். அதைப் பார்த்து, "இப்பப் பாரு, என்ன அமைதி!" என்று மனைவியிடம் பெருமைப்பட்டார்.

"அமைதியா முழிச்சிக்கிட்டு இருக்கா" என்றாள் மனைவி.

மனைவிக்குப் பார்சல் அலுவலகக் கவுண்டரில் வேலை. மத்தியானம் போனால் இருட்டிய பிறகுதான் வருவாள். அதனால் பள்ளி விட்டதும் பாப்பா நேராக அப்பா கடைக்கு வந்துவிடுவாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது. ஒருநாள் மாலை, களைப்பில் பிள்ளை புது ரக மெத்தை ஒன்றின் மேல் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டது. மெத்தை பார்க்க வந்த அம்மா ஒருவர், "ஐயோ, என்ன நிம்மதியாத் தூங்குது பாருங்க" என்று உருகிப்போய், அதே மெத்தைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பிள்ளையைத் தூக்கி அடுத்த கட்டிலில் போட்டுவிட்டு மெத்தையைக் கட்டிக் கொடுத்தார்கள். முதலாளி மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து பாப்பா தற்செயலாகத் தூங்கவில்லை.

அதற்கென்று ஒரு முறை வகுத்தார்கள். ஒரு கை கன்னத்துக்கு அடியில், மற்றது போர்வைக்கு மேல். வாய் மூடியிருக்க வேண்டும். விரிப்பு கசங்கக் கூடாது. உதட்டோரம் கொஞ்சம் சிரிப்பு. சிரிப்பு மட்டும் முதலாளியின் சொந்த யோசனை. கஸ்டமர் பில் போடுகிற மேஜைப் பக்கம் நகர்ந்ததும், மெத்தைக்காரர் கட்டிலின் தலைப்பலகையில் இரண்டு தட்டு தட்டி, "போதும்மா, எந்திரி" என்பார். பாப்பா எழுந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அடுத்த கஸ்டமர் கதவைத் தள்ளினால் பென்சிலை வைத்துவிட்டு மறுபடி படுப்பாள். நாளெல்லாம் பள்ளியில் கிடந்த பிள்ளை, மெத்தென்ற இடத்தில் கண்ணை மூடினால் சும்மாவா இருக்கும்? பல நாள் நிஜமாகவே தூங்கிவிடும். அப்போது மெத்தைக்காரருக்குப் பூரிப்பு தாங்காது. "எம் பொண்ணு தொழிலுக்குன்னே பொறந்தவ" என்று உடன் வேலை செய்பவர்களிடம் சொல்வார். மனைவியிடம் மட்டும் இதை விவரமாகச் சொன்னதில்லை. "கடையில கூடமாட ஒத்தாசையா இருக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

வீட்டில் தூக்கம் வராதது ஊருக்குத் தெரிந்ததும் யோசனைகள் வந்து குவிந்தன. சூடாகப் பால் கொடு என்றார்கள். பாலைக் கொடுக்காதே என்றார்கள். பூச்சாண்டி வருவான் என்று மிரட்டச் சொன்னாள் மாடி வீட்டு அக்கா. அதைச் செய்து பார்த்த அன்று பாப்பாவோடு சேர்ந்து அம்மாவும் விடிய விடிய விழித்திருந்தாள். கடைசியில் குழந்தை மருத்துவரிடம் போனார்கள். அவர் தொண்டையைப் பார்த்தார், குறட்டை உண்டா என்று கேட்டார், ரத்தம் எடுத்துப் பார்த்தார். உடம்பில் குறை இல்லை, குழந்தைகளுக்கான மனநல டாக்டர் ஒருவரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

மெத்தைக்காரர் குதித்தார். "மனநல டாக்டரா? எம் பொண்ணுக்கு என்ன பைத்தியமா?"

"யாருக்குப் பைத்தியம்னு போய்த் தெரிஞ்சுக்கிட்டு வாங்க. எனக்கு நாளைக்கு லீவு கிடையாது" என்றாள் மனைவி.

டாக்டரம்மாவின் அறையில் அவர் எதிர்பார்த்த பெரிய மேஜை இல்லை. தாழ்வான ஒரு மேஜை, அதைச் சுற்றிக் குட்டி நாற்காலிகள், கிரேயான் டப்பா, மூலையில் தரைவிரிப்பு. டாக்டரம்மாவும் ஒரு குட்டி நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் மல்லாந்து படுக்கிற ரகம் என்று மெத்தைக்காரர் மனசுக்குள் தீர்ப்பு எழுதினார். ஒரு மாத்திரைச் சீட்டு வாங்கினோமா, கிளம்பினோமா என்றுதான் அவர் வந்திருந்தார். ஆனால் டாக்டரம்மா கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். பாப்பா படுப்பது எப்போது, நிஜமாகக் கண் அசருவது எப்போது, விடுமுறை நாளில் எழுவது எப்போது. கால் குடைகிறது என்று சொல்வாளா, மூச்சு நின்று நின்று வருமா, கெட்ட கனவு கண்டு அலறுவாளா. படுக்கையில் போன் பார்ப்பாளா, சாயங்காலம் டீ, கோலா குடிப்பாளா. பள்ளியில் யாராவது அடிக்கிறார்களா, வீட்டில் சண்டை உண்டா, தனியாகப் படுக்கப் பயமா. தினமும் கஸ்டமரைத் துளைக்கிற மனுஷனுக்கு, தன்னைத் துளைத்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஸ்கூல் விட்டு வந்ததும் கொஞ்ச நேரம் தூங்குவாளா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"சேச்சே! பகல்ல தூங்கவே மாட்டா டாக்டர்."

இதை அவர் பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை தூக்கம் என்பது வீட்டில் நடப்பது. கடையில் நடப்பது டெமோ. இரண்டும் ஒன்று என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

"மருந்து எதுவும் இல்லையா டாக்டர்?"

"இருக்கு. ஆனா ஏன் தூக்கம் வரலைன்னு தெரியாம குடுத்தா, அது உங்களுக்குத்தான் நிம்மதி, அவளுக்கு இல்ல" என்றார் டாக்டரம்மா. ஒரு தாளைக் கொடுத்து, தினமும் பாப்பா எப்போது படுத்தாள், எப்போது தூங்கினாள், எப்போது எழுந்தாள் என்று குறித்துக்கொண்டு, அடுத்த தடவை அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

அடுத்த தடவை, டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே காத்திருந்தபோது மானம் போயிற்று. அங்கே காத்திருக்கிற பெற்றோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. எல்லோரும் வேறு யாருக்காகவோ வந்த மாதிரி சுவரைப் பார்ப்பார்கள். அப்படிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, பக்கத்தில் ஒரு பையனை வைத்துக்கொண்டு, திடீரென்று திரும்பினார்.

"நீங்க மெத்தைக் கடைக்காரர்தானே? உங்க கடையில பெரிய மெத்தையா வாங்கிப் போட்டும் எம் பையன் ராத்திரி பூரா குதிச்சுக்கிட்டு இருக்கானே!" என்றார். பிறகு பாப்பாவைப் பார்த்து வாயைப் பிளந்தார். "இந்தப் பாப்பா தூங்குறதப் பார்த்துத்தானே வாங்கினேன்! இவ எதுக்கு இங்க வந்திருக்கா?"

"லேசா சளி" என்றார் மெத்தைக்காரர்.

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் கேட்பதற்குள், நல்லவேளையாக உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

அவர் நிரப்பிக் கொண்டுவந்த தாளைப் படித்து டாக்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எப்போது தூங்கினாள் என்று கேட்ட இடத்தில், "முதுகெலும்புக்கு முழுத் தாங்குதலுடன் இதமாகப் படுத்தாள்" என்று எழுதியிருந்தார். தொழில் பழக்கம் கையை விடவில்லை. டாக்டரம்மா தாளை மடித்து வைத்துவிட்டு, பாப்பா பக்கம் திரும்பி, உன் படுக்கையை எனக்கு வரைந்து காட்டுகிறாயா என்று கேட்டார்.

பாப்பா நாக்கைத் துருத்திக்கொண்டு மும்முரமாக வரைந்தாள். ஒரு கட்டில். அதில் படுத்திருக்கிற ஒரு பெண். கட்டிலைச் சுற்றி வரிசையாகச் செருப்புகள், ஷூக்கள், குதிகால் உயர்ந்த ஒரு ஜோடி.

"இதெல்லாம் யாரோட காலு?"

"கஸ்டமருங்க. கண்ணை லேசாத் திறந்தா காலு மட்டும்தான் தெரியும்" என்றாள் பாப்பா.

டாக்டரம்மா மெத்தைக்காரரைப் பார்த்தார். மனைவி ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தாள். மெத்தைக்காரர் தரைவிரிப்பின் தரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"நீ எப்படித் தூங்குவேன்னு எனக்குக் காட்டேன்" என்றார் டாக்டரம்மா.

பாப்பா ஓடிப்போய் மூலையில் இருந்த தரைவிரிப்பில் படுத்தாள். ஒரு கை கன்னத்துக்கு அடியில் போயிற்று, மற்றது இல்லாத போர்வைக்கு மேல் வந்தது. உதட்டோரம் சிரிப்பு மலர்ந்தது. வாய் மட்டும் கொஞ்சம் திறந்திருந்தது. "வாய், வாய்" என்று மெத்தைக்காரர் தன்னை அறியாமல் கிசுகிசுத்தார். பாப்பா வாயை மூடிக்கொண்டாள்.

"அழகா இருக்கு. எந்திரிச்சுக்கலாம்மா" என்றார் டாக்டரம்மா. பாப்பா அசையவில்லை. "போதும் கண்ணு, பார்த்துட்டேன்." அப்போதும் அசையவில்லை. அம்மா கூப்பிட்டாள். சிரிப்பு அப்படியே இருந்தது, இமை மட்டும் துடித்தது. கடைசியில் மெத்தைக்காரர் பக்கத்தில் இருந்த குட்டி நாற்காலியில் இரண்டு தட்டு தட்டினார். பாப்பா சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"வீட்டுல ராத்திரியும் இப்படித்தான் படுத்திருப்பியா?"

"ஆமா."

"எதுவரைக்கும்?"

"அப்பா தட்டுற வரைக்கும்."

"ராத்திரி அப்பா தட்டுவாரா?"

பாப்பா அப்பாவைக் காட்டிக்கொடுக்க விரும்பாதவள்போல் கொஞ்சம் யோசித்தாள். "தட்ட மாட்டாரு. மறந்துட்டுத் தூங்கிடுவாரு" என்றாள்.

வாய்ச் சவடாலில் யாருக்கும் சளைக்காத மெத்தைக்காரர், கடையில் நடப்பதையும் அங்கே பாப்பா பல நாள் நிஜமாகவே தூங்கிவிடுவதையும் தலையைக் குனிந்தபடி ஒப்புவித்தார். தான் பக்கத்தில் நிம்மதியாகப் புரண்டு படுத்த ராத்திரிகளில் எல்லாம், இந்தப் பிள்ளை தன்னுடைய இரண்டு தட்டுக்காகச் சிரித்த முகத்தோடு காத்துக் கிடந்திருக்கிறது என்பது அவருக்கு மெதுவாக உறைத்தது. மனைவி ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

டாக்டரம்மா அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. "சாயங்காலம் வயிறு நிறையத் தின்னுட்டா ராத்திரி பசிக்குமா? தூக்கமும் அப்படித்தான். கடையில அவ உண்மையாவே தூங்கிடுறா, அதனால ராத்திரி தூக்கம் மிச்சமில்ல. அது ஒண்ணு. இன்னொண்ணு, படுக்கைன்னாலே அது வேலை செய்யுற இடம்னு அவ மனசுல பதிஞ்சிருக்கு. படுத்ததும் உடம்பு ஓய்வுக்குப் போகாம டியூட்டிக்குப் போகுது" என்றார். கடைப் படுக்கை இன்றோடு நிற்க வேண்டும். முதலில் பாப்பாவைக் கண் சொக்குகிற நேரத்துக்குத்தான் படுக்கையில் விட வேண்டும். தூக்கம் பிடிபட்ட பிறகு நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டுவரலாம். எழுகிற நேரம் மட்டும் விடுமுறைக்கும் மாறக் கூடாது. தூக்கம் வராவிட்டால் படுக்கையில் கிடக்கவிடாமல், எழுந்து வந்து மங்கிய வெளிச்சத்தில் படப் புத்தகம் பார்க்கட்டும். அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகப் போக நாற்காலியைக் கதவுப் பக்கம் நகர்த்த வேண்டும்.

"அப்புறம், விளக்கை அணைச்சதும் நீங்க ஒரு தடவை தட்டிடுங்க. அவ பாவம், காத்துக்கிட்டு இருக்கா" என்றார்.

மறுநாள் மெத்தைக்காரர் மாடியேறி முதலாளி முன்னால் நின்றார். அந்தச் சமயம் பார்த்து முதலாளி புதுக் கிளை ஒன்றைத் திறப்பதாக இருந்தார். முகப்பில் ஆளுயரக் கண்ணாடி ஜன்னல், அதற்குள் ஒரு கட்டில், அதில் பாப்பா. கிளையின் பொறுப்பு மெத்தைக்காரருக்கு. இதைத்தான் இத்தனை வருஷமாக அவர் கனவு கண்டுகொண்டிருந்தார்.

"எம் பொண்ணு இனிமே கடையில படுக்க மாட்டா சார்."

"என்னய்யா இது, சும்மா கண்ணை மூடிப் படுக்குறதுல என்ன கஷ்டம்?" என்றார் முதலாளி. அவர் பகலில் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

"கஷ்டம்தான் சார். நானும் இப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

"அப்போ கிளையை வேற ஆளுக்குத்தான் குடுக்கணும்."

"குடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். மனைவி ஆளைப் பிடித்துக் காலை ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டாள். பாப்பா பள்ளி விட்டு நேராக வீட்டுக்குப் போனாள். கிளை, அவருக்குக் கீழே வேலை பார்த்த ஒரு பொடிப்பயலுக்குப் போயிற்று. கண்ணாடி ஜன்னலில் ஒரு பெரிய பொம்மையைப் படுக்க வைத்தார்கள். அது கண்ணைத் திறந்தபடி படுத்திருந்ததால் தெருவில் போகிற குழந்தைகள் வீறிட்டு அழுதன. மெத்தைக்காரர் இதைக் கேட்டுச் சந்தோஷப்படவில்லை என்று சொன்னால் அது பொய்.

வீட்டு வைத்தியம் லேசில் நடக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் வாய் சும்மா இருக்காமல், "முதுகை நேரா வச்சுக்கோம்மா, கழுத்துக்குச் சப்போர்ட் வேணும்" என்று ஆரம்பித்துவிடுவார்.

"அவ தூங்கணும். நீங்க அவளை விக்க வேணாம்" என்று அடுக்களையிலிருந்து குரல் வரும்.

மனைவி ஒருநாள் கத்தரிக்கோலை எடுத்து மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்துப் போட்டாள். ஷோரூம் சரக்கு ஆயிற்றே என்று அவர் பதறினார், பிறகு கிழிசல்களைத் தானே பொறுக்கிப் போட்டார். விளக்கை அணைத்ததும் தலைமாட்டில் இரண்டு தட்டு தட்டுவார். முதல் நாள் பாப்பா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"கஸ்டமரெல்லாம் போயிட்டாங்களாப்பா?"

"எல்லாரும் போயாச்சும்மா. கடை மூடியாச்சு."

பாப்பா நம்பவில்லை. நம்புவதற்குப் பல நாள் பிடித்தது. சில ராத்திரி எழுந்து வந்து படப் புத்தகம் பார்த்தாள், சில ராத்திரி அழுதாள், அப்பாவும் அம்மாவும் வைத்தியத்தையே விட்டுவிடுகிறோம் என்று சொல்கிற அளவுக்குப் படுத்தினாள். டாக்டரம்மா போனில், இது இப்படித்தான் இருக்கும், விடாதீர்கள் என்றார். நாற்காலி கதவை நெருங்கியது, வாசலைத் தாண்டியது, ஒருநாள் அலமாரி மேல் இருக்கிற சாமான் எடுக்கப் போய்த் திரும்பி வரவேயில்லை.

அன்றைக்கு மெத்தைக்காரர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு எட்டிப் பார்த்தார். தலையணை தரையில் கிடந்தது. விரிப்பு சுருண்டு ஓரமாக ஒதுங்கியிருந்தது. பாப்பா குறுக்காகக் கிடந்தாள். ஒரு கால் சுவர் மேல் ஏறியிருந்தது, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. வாய் ஆவென்று திறந்து, எச்சில் வழிந்து, உயர்ந்த ரக மெத்தையில் வட்டமாகக் கறை படிந்துகொண்டிருந்தது. சிரிப்பு மருந்துக்கும் இல்லை. இந்தத் தூக்கத்தைக் கண்ணாடி ஜன்னலில் வைத்தால் ஒரு தலையணை உறைகூட விற்காது.

அவர் கை தானாக அவள் மோவாய்ப் பக்கம் போயிற்று, வாயை மூடிவிடுவதற்கு.

"தொடாதீங்க" என்றாள் பின்னால் வந்து நின்ற மனைவி.

மெத்தைக்காரர் கையை இழுத்துக்கொண்டார்.